ஐடிலில் இறங்கிய விமானம்: 1990 பெங்களூரு விபத்தும் நம் தொப்பூர் சரிவும்

1990 பிப்ரவரி 14, புதன்கிழமை. ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கலாசிபாளையம் மார்க்கெட்டுக்குப் போன என் பெரியப்பா, ராத்திரி கிருஷ்ணகிரி வீட்டுக்குத் திரும்பி வந்ததும் வாசலில் நின்றபடியே சொன்னார்: "பெங்களூருல பிளேன் விழுந்திருச்சு. மார்க்கெட்டு பூரா அதே பேச்சு. பைலட்டு தூங்கிட்டானாம்."

விமானி தூங்கவில்லை. விமானி அறையில் இருந்த இருவரும் கடைசி விநாடி வரை விழித்திருந்தார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பேச்சு முழுவதும் பிளாக் பாக்ஸில் பதிவாகி, பிறகு நீதிபதி ஒருவர் தலைமையிலான விசாரணையில் வரி வரியாக அலசப்பட்டது. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு மிகப் பக்கத்தில் நடந்த பெரிய விமான விபத்து அதுதான். ஓசூரிலிருந்து பழைய எச்.ஏ.எல். விமான நிலையம் ஒரு மணி நேரப் பயணம். ஆனாலும் அந்த விபத்து ஏன் நடந்தது என்று கேட்டால், "பைலட் தப்பு" என்பதற்கு மேல் சொல்ல இங்கே ஆள் குறைவு. அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்தது. இந்தியன் ஏர்லைன்ஸ் 605, பம்பாயிலிருந்து பெங்களூருக்கு வந்த விமானம். ஏர்பஸ் ஏ320 ரகம். அந்த ரகமே அப்போது நாட்டுக்குப் புதிது, இந்த விமானமோ சேவைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பயணிகள் 139 பேர், ஊழியர்கள் 7 பேர், ஆக மொத்தம் 146. வானம் தெளிவாக இருந்தது, ஓடுதளம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. மதியம் ஒரு மணியைத் தாண்டி மூன்று நிமிடம் ஆனபோது, ஓடுதளத்துக்கு முன்னாலேயே இருந்த கோல்ஃப் மைதானத்தில் சக்கரம் பட்டது. விமானம் எகிறி மறுபடி விழுந்தது, மண்மேட்டில் மோதி, விமான நிலையச் சுற்றுச்சுவரை எட்டுவதற்குள் நின்று எரிந்தது. 92 பேர் இறந்தார்கள். 54 பேர் உயிர் பிழைத்தார்கள்.

எஞ்சினில் கோளாறு இல்லை. எரிபொருள் இருந்தது. மழை, மூடுபனி, பறவை எதுவும் குறுக்கிடவில்லை. பழுதில்லாத ஒரு புதிய விமானம், பட்டப்பகலில், அனுபவசாலிகள் இருவர் ஓட்டும்போது, ஓடுதளத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதற்கு முன்னால் போய் விழுந்தது. எப்படி?

இதைப் புரிந்துகொள்ள விமானம் இறங்கும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இது கஷ்டமே இல்லை. தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது கட்டமேட்டைத் தாண்டி தொப்பூர் கணவாயில் லாரிகள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இறங்குவதற்கு இரண்டு வழி. ஒன்று, கியரில் போட்டு எஞ்சினைப் பிடிமானமாக வைத்துக்கொண்டு இறங்குவது. இன்னொன்று, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் தள்ளிவிட்டு, எஞ்சினை ஐடிலில், அதாவது மிகக் குறைந்த ஓட்டத்தில் விட்டு, சரிவை நம்பி இறங்குவது. இரண்டாவது வழியில் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வண்டியின் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

ஏ320-லும் இப்படி இரண்டு நிலை உண்டு. ஒரு நிலையில், விமானி கேட்ட வேகத்தைக் காப்பாற்றுவது எஞ்சினின் வேலை. வேகம் குறைந்தால் கணினி தானாக எஞ்சினை முடுக்கும், கூடினால் தணிக்கும். ஓடுதளத்தை நெருங்கும்போது இருக்க வேண்டிய நிலை இது. இன்னொன்றுக்கு ஓப்பன் டிசென்ட் என்று பெயர். அதில் எஞ்சின் ஐடிலுக்குப் போய்விடும். மூக்கைத் தாழ்த்தினால்தான் வேகம் குறையாமல் இருக்கும், உயர்த்தினால் வேகம் போய்விடும். மேலே, உயரத்தில் இருந்து சீக்கிரம் இறங்குவதற்கு அது நல்ல முறை. தரைக்கு அருகில் அதற்கு இடமே இல்லை. லாரியோடு ஒப்பிட்டது இந்த ஓர் இடம் வரைக்கும்தான் செல்லும். நியூட்ரலில் இறங்கும் லாரிக்கு வேகம் கூடிப்போவது ஆபத்து, ஐடிலில் இறங்கும் விமானத்துக்கு வேகம் குறைந்துபோவது ஆபத்து.

605 விமானம் கடைசி நிமிடங்களில் இந்த ஐடில் நிலையில் இருந்தது. இருவருக்கும் அது நேரத்தில் உறைக்கவில்லை.

அந்த நிலைக்கு எப்படிப் போனது என்பதுதான் விசாரணையில் அதிகம் அலசப்பட்ட கேள்வி. விமானிகளின் முன்னால், கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகை இருக்கிறது. அதில் நான்கு குமிழ்கள்: வேகம், திசை, உயரம், இறங்கும் வீதம். கடைசி இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறங்குவது பற்றிய பேச்சு ஒலிப்பதிவில் இருக்கிறது. இறங்கும் வீதக் குமிழைத் திருப்புவதற்குப் பதில் உயரக் குமிழைத் திருப்பி 700 என்று வைத்திருக்கலாம் என்பது விசாரணை முன்வைத்த வலுவான சாத்தியங்களில் ஒன்று.

அந்த 700-க்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள். உயரம் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுவது. எச்.ஏ.எல். ஓடுதளமே கடல்மட்டத்திலிருந்து 2,900 அடிக்கு மேலே இருக்கிறது, நம் ஓசூரும் ஏறக்குறைய அதே மேட்டில்தான். 700 அடி உயரம் என்று வைத்தால், பூமிக்கு அடியில் 2,200 அடி ஆழத்துக்குப் போ என்று கணினிக்குச் சொன்னதாக ஆகிறது. கணினி எதிர்க்கேள்வி கேட்கவில்லை. எஞ்சினை ஐடிலுக்குத் தள்ளிவிட்டு இறங்கத் தொடங்கியது.

விமானம் சரியான பாதைக்குக் கீழே போவது தெரிந்ததும் ஓட்டியவர் இயல்பாகவே மூக்கைத் தூக்கிப் பாதையைப் பிடிக்கப் பார்த்தார். எஞ்சினோ ஐடிலில். மூக்குத் தூக்கத் தூக்க வேகம் கரைந்தது. 132 நாட், அதாவது மணிக்கு சுமார் 245 கிலோமீட்டர் இருக்க வேண்டிய வேகம், கடைசியில் அதைவிடச் சுமார் 25 நாட் குறைந்துபோனது.

விபத்துக்கு ஏறத்தாழ அரை நிமிடம் இருக்கும்போது வலப்பக்கம் இருந்தவர் அதைக் கவனித்துவிட்டார். இவ்வளவு நேரமும் ஐடில் ஓப்பன் டிசென்டிலேயே இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்கிறார். இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும். அந்த நொடியில் திராட்டிலை, அதாவது எஞ்சினை முடுக்கும் நெம்புகோலை, முன்னே தள்ளியிருந்தால் விமானம் தப்பியிருக்க வாய்ப்பு இருந்தது. அவர்கள் செய்ததோ வேறு. ஃபிளைட் டைரக்டர் என்ற வழிகாட்டிக் கருவி இருவர் பக்கமும் ஒவ்வொன்று உண்டு. இரண்டையும் அணைத்தால் கணினி தானாகவே வேகத்தைக் காக்கும் நிலைக்கு மாறும். அணைக்கட்டுமா என்று ஒருவர் கேட்கிறார், என்னுடையதை அணைத்துவிட்டேன் என்று மற்றவர் சொல்கிறார், ஆனால் என்னுடையதை அணைக்கவில்லையே என்று இவர் சொல்கிறார். ஒன்று அணைந்து ஒன்று இயங்கிக்கொண்டிருந்தால் கணினிக்குப் பழைய கட்டளைதான் செல்லும். எஞ்சின் ஐடிலிலேயே இருந்தது.

இதற்கிடையே கருவி 400, 300, 200 என்று மிஞ்சிய உயரத்தை அடிக்கணக்கில் குரல் கொடுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் திராட்டில் முழுசாகத் தள்ளப்பட்டது. ஐடிலில் கிடக்கும் ஜெட் எஞ்சின் முழு வலுவுக்கு வரச் சில விநாடிகள் பிடிக்கும். அந்தச் சில விநாடிகள்தான் அவர்களிடம் இல்லை.

கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி சிவசங்கர பட் தலைமையில் நடந்த விசாரணை, விமானிகள் நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து உடனே திராட்டிலைத் தள்ளாததையே விபத்தின் காரணமாகச் சொன்னது. சரி, அப்படியானால் மார்க்கெட்டில் பேசியது ஏறக்குறைய உண்மைதானே என்று தோன்றலாம். பைலட் தப்பு.

ஆனால் தப்பு என்பது ஒரு பதில் என்றால், அந்தப் பதிலிலேயே அடுத்த கேள்வி இருக்கிறது. ஆயிரக்கணக்கான மணி நேரம் விமானம் ஓட்டிய இருவர் ஏன் வேகமானியைப் பார்க்கவில்லை?

அங்கேதான் விஷயம் விரிகிறது. இருவரும் வேறு ரக விமானங்களில் ஓட்டிப் பழகியவர்கள், ஏ320-ல் அவர்களுடைய அனுபவம் மிகக் குறைவு. அன்று ஓட்டியவருக்கு அது பரிசோதனைப் பயணம், பக்கத்தில் இருந்தவர் அவரைச் சோதிக்கும் மூத்த விமானி. ஓட்டுகிறவர் சோதிக்கிறவரை நம்புவார், சோதிக்கிறவர் ஓட்டுகிறவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பார். இரண்டு பேர் இருந்தும் வேகத்தைப் பார்க்க ஒருவரும் இல்லாத நிலை இப்படித்தான் வருகிறது. பழைய விமானங்கள் பலவற்றில் கணினி எஞ்சினைக் கூட்டிக் குறைக்கும்போது திராட்டில் நெம்புகோலும் கூடவே நகரும். கை அதன் மேல் இருந்தால், பார்க்காமலேயே தெரிந்துவிடும். ஏ320-ல் அது நகராது. லாரி ஓட்டுகிறவர் மீட்டரைப் பார்க்காமல் எஞ்சின் சத்தத்திலும் காலடி அதிர்விலும் வண்டியின் நிலையைத் தெரிந்துகொள்கிறாரே, அந்த உடம்பறிவுக்கு இங்கே வேலை இல்லாமல் போனது. எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்பது திரையின் மேல்பகுதியில் சின்ன எழுத்துகளில் வரும். அதைப் படித்தால்தான் உண்டு.

இதையெல்லாம் சொல்வதால் விமானிகள் குற்றமற்றவர்கள் என்று நான் வாதாடவில்லை. வேகத்தைப் பார்ப்பது விமானியின் அடிப்படை வேலை. ஆனால் இரண்டு பேர் மேல் பழியைப் போட்டுக் கோப்பை மூடியிருந்தால், அடுத்த விமானத்தில் அதே குமிழ்கள் முன் வேறு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

உட்கார்ந்திருந்தார்கள். 1992 ஜனவரி 20, பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தை நெருங்கிய ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏ320 மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். அங்கேயும் அதே பலகை. 3.3 பாகைச் சரிவில் இறங்க நினைத்தவர்கள், நிமிடத்துக்கு 3,300 அடி என்ற வீதத்தில் இறங்கியிருக்கலாம் என்பதே விசாரணை கண்ட வலுவான காரணம். இரண்டுக்கும் ஒரே குமிழ், திரையில் ஒன்று 3.3, மற்றது 33 என்று ஏறக்குறைய ஒரே தோற்றம். அதற்குப் பிறகு இறங்கும் வீதம் நான்கு இலக்கமாகத் தெரியும்படி காட்சி மாற்றப்பட்டது. ஐடிலில் இறங்கும்போது விமானி வழிகாட்டியைப் பின்பற்றாமல் வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால், ஃபிளைட் டைரக்டர்கள் தாமாக அணைந்து எஞ்சின் வேகம் காக்கும் நிலைக்கு மாறும் பாதுகாப்பும் ஏ320 ரகத்தில் இன்று இருக்கிறது. 1990-ல் இருவரும் கையால் செய்ய நினைத்து முடியாமல் போனதை இப்போது இயந்திரமே செய்கிறது. "பைலட் தப்பு" என்பதோடு நிறுத்தியிருந்தால் யாரும் இதைச் செய்திருக்கமாட்டார்கள்.

விமான விசாரணைக்கு உலக அளவில் ஒரு விதி இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-வது இணைப்பு என்று சொல்வார்கள். விசாரணையின் ஒரே நோக்கம் இனி இப்படி நடக்காமல் தடுப்பது, யார் மேலாவது பழியோ பொறுப்போ சுமத்துவது அதன் வேலை இல்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. குற்றம் இருந்தால் போலீஸும் நீதிமன்றமும் தனியாகப் பார்த்துக்கொள்ளும். 30 நாளில் முதல்நிலை அறிக்கை, முடிந்தால் ஒரு வருடத்துக்குள் இறுதி அறிக்கை என்று காலமும் சொல்லியிருக்கிறார்கள். இந்தியாவில் இதற்கென்று விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு அமைந்ததே 2012-ல்தான். 2010 மே 22 மங்களூரு விபத்தில் 158 பேர் இறந்தபின், தனி அமைப்பு வேண்டும் என்று அந்த விசாரணை சொன்னது ஒரு தூண்டுதல். (அங்கே கேப்டன் பயணத்தில் பெரும்பகுதி தூங்கியது உண்மை, குறட்டைச் சத்தமே பதிவாகியிருந்தது. அங்கேயும் விசாரணை அதோடு நிற்கவில்லை.) இப்போதும் அந்தப் பிரிவு விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. விதி எழுதுகிற அமைச்சகத்தின் கீழேயே விசாரிக்கிறவர்களும் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்து டீக்கடையில் நான் கேட்டதும், 1990-ல் பெரியப்பா மார்க்கெட்டில் கேட்டதும் ஒரே மாதிரிதான் இருந்தன. விமானத்தில் 241 பேர், தரையில் 19 பேர், மொத்தம் 260 உயிர். அன்று சாயங்காலமே ஆளுக்கொரு காரணம். ஒரு மாதம் கழித்து வந்த முதல்நிலை அறிக்கை, இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் ஓடும் நிலையிலிருந்து நிறுத்தும் நிலைக்கு மாறியதாகச் சொன்னது. ஏன் நிறுத்தினாய் என்று ஒருவர் கேட்பதும், நான் செய்யவில்லை என்று மற்றவர் சொல்வதும் பதிவில் இருப்பதாகச் சொன்னது. அறிக்கை சொன்னது என்ன நடந்தது என்பதை. ஏன் என்பதை அது சொல்லவில்லை. அதற்குள் ஒரு விமானியின் பெயரைச் சொல்லித் தீர்ப்பு எழுதியவர்கள் எத்தனை பேர்! அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், பெரியப்பாவால்தான்.

1996-ல் தொப்பூர் இரட்டைப் பாலத்துக்கு முன்னால் அவருடைய லாரி பிரேக் பிடிக்காமல் ஒரு மொபெட் மேல் ஏறியது. மொபெட்டை ஓட்டி வந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துவிட்டார். பெரியப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் அழுவார், தன்மேல் தப்பில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "பிரேக் லைனர் தேஞ்சு போச்சுன்னு முதலாளிகிட்ட ரெண்டு தடவை சொன்னேன் கண்ணு. அடுத்த டிரிப்புல பாத்துக்கலாம்னாரு." முதல் தகவல் அறிக்கையில் வழக்கமான வாசகம்: அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து. லைனர் பற்றிப் பெரியப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. எவ்வளவு பாரம் ஏற்றியிருந்தது, எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டினார், டீசலை மிச்சம் பிடித்தால் கையில் காசு என்ற ஏற்பாடு இருந்ததா, அதனால்தான் நியூட்ரலா, எதையும் கேட்கவில்லை. ஓட்டியது யார் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது, வழக்கு முடிந்தது. அதே முதலாளியின் வண்டிகள் அதே சரிவில் தொடர்ந்து இறங்கின.

தொப்பூரில் இன்று ஒலிபெருக்கி வைத்து நியூட்ரலில் இறங்காதே என்று சொல்கிறார்கள். வேக வரம்பு வைத்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் நான்கு பேர் இறந்த விபத்தின் காணொளியை நாடே பார்த்தது. சாலையின் சரிவும் வளைவுமே சிக்கல் என்று ஏற்றுக்கொண்டு உயர்மட்டச் சாலைத் திட்டம் வந்திருக்கிறது, நல்லது. ஆனால் ஓட்டுநர்களின் தூக்கமும், தேய்ந்த லைனரும், மிச்சம் பிடிக்கும் டீசலும் உயர்மட்டச் சாலையிலும் கூடவேதான் வரும். சாலை விபத்துக்கும் விமான விபத்துக்கு நடப்பது போன்ற விசாரணை சாத்தியமா என்று கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் முடியாது, எண்ணிக்கை அவ்வளவு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடப்பதற்கு முடியும், செய்தாக வேண்டும்.

ஓசூருக்கு ஒரு விமான நிலையம் கொண்டுவரத் திட்டம் இருக்கிறது. 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பேர் வந்துபோகும் அளவில் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். தளி சாலையில் பேளகொண்டப்பள்ளியில் ஒரு தனியார் ஓடுதளம் ஏற்கெனவே இருக்கிறது. புதிய நிலையம் வந்தால் நம் பிள்ளைகள் சிலர் விமானியாகவும், பொறியாளராகவும், தீயணைப்பு வீரராகவும் அங்கே வேலைக்குப் போவார்கள். அவர்கள் முதலில் படிக்க வேண்டியவற்றில் 605 விமானத்தின் விசாரணை அறிக்கையும் ஒன்று என்பேன்.

அகமதாபாத் இறுதி அறிக்கையைக் கையில் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "காரணம்" என்று தலைப்பிட்ட பக்கத்துக்கு நேராகப் போய்விடாதீர்கள், தொலைக்காட்சிக்காரர்கள் அதைத்தான் படித்துக் காட்டுவார்கள். கடைசியில் பாதுகாப்புப் பரிந்துரைகள் என்று ஒரு பகுதி இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். யாருக்கு என்ன மாற்றச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு வருடம் கழித்து எத்தனை நடந்திருக்கிறது என்று பாருங்கள்.